எங்கள் ஊடகக் கழகத்தின் முதற் குறும்படம்

1977 இல் வெளியான 'பொன்மணி' யாழ்ப்பாணத்தில் படமாக்கப்பட்டதை எங்கள் மூத்த அக்காமார் கதைகதையாகச் சொல்வார்கள். நாங்கள் படமெடுக்கத் துணிந்ததோ போருக்குப் பின்னர்தான். அதுவும் ஆசிரியை ஒருவரின் கைத்தொலைபேசியில்.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வே கதை. 12 நிமிடப் படத்தைச் சகபாடிகளுக்குப் போட்டுக்காட்டினோம். "நல்லாயிருக்கு" என்றார்கள். அதனால் ஒரு பயனுமில்லை. எது பொய்யாகத் தெரிகிறது என்று கேட்டோம்.

"நாவற்குழிப் பாலத்தில ஆர் ஓடினது? மழைக்க அரக்கி அரக்கித்தான் போனது எண்டு அம்மம்மா சொல்லுறவ" என்றாள் ஒருத்தி.

எங்களுக்குக் கோபம்தான். இரண்டு நாள் அவளுடன் கதைக்கவில்லை. பிறகு அவளையே அழைத்து, ஒடுங்கிய நடைவழியில் ஒரு வகுப்பையே நெருக்கி நிற்கவைத்து மீண்டும் எடுத்தோம். சோக இசையையும் நீக்கினோம். படம் 7 நிமிடமாயிற்று.

அதை அவளின் அம்மம்மா பார்த்தார். பாலம் வந்ததும், "இன்னும் மெதுவா, பிள்ளையள்" என்றார்.