கலிபோர்னியா முன்மொழிவு 54

முன்மொழிவு 54 என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அக்டோபர் 7, 2003 அன்று மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டுத் தோல்வியுற்ற ஓர் அரசியலமைப்புத் திருத்தம் ஆகும். மாநில அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் மக்களை இனம், இனக்குழு, நிறம், பூர்வீக நாடு ஆகியவற்றின் அடிப்படையில் வகைப்படுத்துவதைத் தடை செய்வது இதன் நோக்கம். இன முன்னுரிமை தேவையா என்பதைக் கடந்து, அரசு இனத்தைக் கணக்கெடுக்கவே வேண்டுமா என்ற வினாவை இது வாக்காளரிடம் வைத்தது.

பின்னணி

அமெரிக்காவில் 1960கள் முதல் கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் சிறுபான்மை இனத்தவருக்கு வாய்ப்பளிக்கும் கொள்கைகள் நடைமுறைக்கு வந்தன. 1978 ஆம் ஆண்டு பாக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனவாரியாக இடங்களை ஒதுக்குவதை ஏற்கவில்லை. ஆனால் இனத்தைப் பல காரணிகளுள் ஒன்றாகக் கருதலாம் என்றது.

1996 இல் கலிபோர்னியாவில் நிறைவேறிய முன்மொழிவு 209, அரசுக் கல்வி, வேலை, ஒப்பந்தம் ஆகியவற்றில் இன, பாலின முன்னுரிமைகளைத் தடை செய்தது. எனினும் விவரம் திரட்டுவதை அது தடுக்கவில்லை. படிவங்களில் இனத்தைக் குறிக்கும் கட்டங்கள் தொடர்ந்தன. முன்மொழிவு 209 இன் பரப்புரைக்குத் தலைமை தாங்கிய வார்டு கானர்லி என்பவரே முன்மொழிவு 54 ஐயும் முன்னெடுத்தார்.

உள்ளடக்கம்

நிறைவேறியிருந்தால் இத்திருத்தம் சனவரி 1, 2005 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும். பின்வருவனவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது:

* மருத்துவ ஆய்வில் பங்கேற்போர் மற்றும் நோயாளிகள்
* காவல்துறையினர் ஒருவரின் அடையாளத்தை விவரித்தல்
* நடுவண் அரசின் சட்டமும் நிதியுதவியும் கோரும் விவரங்கள்

ஆதரவு வாதங்கள்

* இனம் ஒருவரின் அந்தரங்கம். அதை அரசு கேட்கலாகாது.
* அரசு வகைப்படுத்தும் வரை இனப்பிரிவினை மறையாது.
* இனப்பிரிவுகள் நிலையற்றவை. எடுத்துக்காட்டாக, இந்தியர் வெள்ளையர் அல்லர் என 1923 இல் உச்ச நீதிமன்றம் குடியுரிமை வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. 1970 கணக்கெடுப்பில் அவர்கள் வெள்ளையராகவும், 1980 இல் "ஆசிய இந்தியர்" எனத் தனியாகவும் கணக்கிடப்பட்டனர்.
* கலப்பினத்தவர் எந்தக் கட்டத்துக்குள்ளும் முழுமையாக அடங்குவதில்லை.

எதிர் வாதங்கள்

* விவரம் இல்லையெனில் பாகுபாட்டை மெய்ப்பிக்க இயலாது. கணக்கெடுப்பை நிறுத்துவதால் ஏற்றத்தாழ்வு நீங்காது. கண்ணுக்குப் புலப்படாமல் போகும்.
* மருத்துவ விலக்கு போதாது. நோய்ப்பரவலை அறிய உதவும் பொதுநல ஆய்வுகளும் பிறப்பு, இறப்புப் பதிவுகளும் பாதிக்கப்படும்.

முன்மொழிவு 209 பற்றிய விவாதமே இவ்விவரங்களின் தேவையைக் காட்டியது எனலாம். 1998 சேர்க்கையில் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் வளாகங்களில் கறுப்பின, இலத்தீன் மாணவர் சேர்க்கை வெகுவாகக் குறைந்தது என எதிர்ப்பாளர்கள் சுட்டினர். பட்டம் முடிப்போர் விகிதம் மேம்பட்டது என ஆதரவாளர்கள் கூறினர். இரு தரப்பும் சான்றாகக் கொண்டது இனவாரிப் பதிவுகளையே.

முடிவும் பின்விளைவுகளும்

ஆளுநர் கிரே டேவிசைத் திருப்பியழைத்த தேர்தலுடன் நடைபெற்ற இவ்வாக்கெடுப்பில் ஏறத்தாழ 64% வாக்காளர்கள் எதிர்த்து வாக்களித்தனர். இதனால் அவர்கள் இன முன்னுரிமையை ஆதரித்தனர் என்று கொள்ள முடியாது. 209 ஐ நீக்கக் கோரிய முன்மொழிவு 16 உம் 2020 இல் ஏறத்தாழ 57% எதிர்வாக்குகளுடன் தோற்றது. கலிபோர்னிய வாக்காளர்கள் முன்னுரிமையை மறுத்து, கணக்கெடுப்பைத் தக்கவைத்துக் கொண்டனர்.

நாடளாவிய போக்கும் இதை ஒத்துள்ளது. 2023 இல் உச்ச நீதிமன்றம் ஆர்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்களின் இனம் சார்ந்த சேர்க்கை முறைகளைச் செல்லாதவை என்றது. 2024 இல் நடுவண் அரசு தன் வகைப்பாட்டில் "மத்திய கிழக்கு அல்லது வட ஆப்பிரிக்கர்" என்ற புதிய பிரிவைச் சேர்த்தது.

இவற்றையும் பார்க்க

* முன்மொழிவு 209
* இட ஒதுக்கீடு
* மக்கள்தொகைக் கணக்கெடுப்பு