உயில் வயதானவர்களுக்கு மட்டும்தானா?

நம் பக்கத்தில் உயில் என்றால் நிலம், வீடு, எண்பது வயதுப் பெரியவர் என்றுதான் நினைப்பு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த காலத்தில் அது சரியாகவும் இருந்தது. சொத்தெல்லாம் தாத்தா பெயரில் இருக்கும். இருபது வயதுப் பேரனுக்கு எழுதி வைக்க என்ன இருந்தது?

1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதியினர் இளம்பெண்கள். 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். வயல்கள் சிப்காட் ஆயின. அதோடு குடும்பத்தின் சொத்தும் இடம் மாறியது. தாத்தாவின் பட்டாவில் இருந்தது, பேத்தியின் பி.எஃப். கணக்குக்கும் வங்கிக் கணக்குக்கும் வந்துவிட்டது.

நான் இந்தப் பகுதியில் ஓர் ஆலையின் பணியாளர் பிரிவில் இருந்தவன். வேலையில் சேரும் நாளில் பிள்ளைகள் நாமினி படிவத்தில் அப்பா அல்லது அம்மா பெயரை எழுதிக் கொடுப்பார்கள். அதோடு அதை மறந்தும் போவார்கள். ஆனால் 1952ஆம் ஆண்டு பி.எஃப். திட்டத்தின்படி, கல்யாணத்துக்கு முன் கொடுத்த நியமனம் கல்யாணமானதும் செல்லாது. புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்கிலோ நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே; உரிமை வாரிசுகளுக்குத்தான்.

யார் வாரிசு? உயில் இல்லாவிட்டால் அதை 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் முடிவு செய்யும். கல்யாணமாகாத மகன் இறந்தால், தாய் உயிரோடு இருக்கும்வரை தகப்பனுக்குப் பங்கில்லை. கல்யாணமான மகன் என்றால் மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு. பெண்களுக்குக் கணக்கே வேறு. குழந்தையில்லாத விதவை தானே சம்பாதித்த பணம், பெற்றவர்களுக்கு முன்னால் கணவன் வீட்டு வாரிசுகளுக்குப் போகும்.

இது ஏட்டளவில் மட்டும் இருக்கும் விதி அல்ல. 1955இல் கல்யாணமாகி மூன்றே மாதத்தில் கணவனை இழந்த ஒரு பெண்ணைப் புகுந்த வீட்டார் வெளியே அனுப்பினார்கள். பிறந்த வீடுதான் படிக்க வைத்தது. வேலைக்குப் போனார்; வங்கியிலும் பி.எஃப்.பிலும் பெரிய தொகை சேர்ந்தது. 1996இல் உயில் எழுதாமல் இறந்தார். அவருடைய தாயாரும் கேட்டார், கணவன் வீட்டாரும் கேட்டார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் கணவன் வீட்டாருக்கே தீர்ப்பளித்தது. அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்ற முடியாது என்பது அதன் நிலை. அந்த அம்மாள் ஒரே ஒரு தாளில் உயில் எழுதி வைத்திருந்தால், வழக்கின் போக்கே வேறாக இருந்திருக்கும்.

நம் மண்ணில் இதற்கு எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. பச்சையப்ப முதலியார் 1794 மார்ச் 22இல் உயில் எழுதினார். அதே மாதம் 31இல் காலமானார். வயது நாற்பதுதான். அறக்கட்டளைப் பணம் பல ஆண்டுகள் வழக்கில் கிடந்தது உண்மை. ஆனாலும் உயில் இருந்ததால் அது அறத்துக்கென்றே நின்றது. கோயில் தர்மங்கள் போக மிஞ்சியதில் 1842இல் சென்னையில் பள்ளி திறந்தார்கள். இன்று காஞ்சிபுரத்திலும் அவர் பெயரில் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

உயில் எழுதுவது பெரிய வேலை இல்லை. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி 18 வயது நிறைந்து, தெளிந்த மனத்தோடு இருந்தால் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். எழுதியவர் கையெழுத்திட, இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். பணம் பெறப்போகிறவரைச் சாட்சியாகப் போடாமல் இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் பின்னால் தகராறு குறையும். எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

சின்ன வயதில் சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று நம் வீடுகளில் வாயை மூடிவிடுவோம். ஹெல்மெட் போடச் சொல்வதை யாரும் அபசகுனம் என்பதில்லையே. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்காரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: "கல்யாணத்துக்கு அப்புறம் பி.எஃப். நாமினியை மாத்தினியா? உயில் எழுதி வச்சியா?"