கிருமி மடிந்த பின்னும் தணியாத நரம்பு: தொழுநோய் ஆய்வு வரலாற்றில் அழற்சிப் புரதங்களும் தமிழகமும்

ஆய்வுச் சுருக்கம்

தொழுநோயில் கையும் காலும் ஊனமுறுவதற்குக் கிருமி மட்டும் காரணமன்று. நரம்பைச் சூழ்ந்த உயிரணுக்களில் உடலே மூட்டும் அழற்சியும் காரணமாகிறது. இவ்வறிவு உருவான வரலாற்றில் செங்கல்பட்டு, வேலூர், கரிகிரி ஆகிய இடங்களுக்குள்ள பங்கை இக்கட்டுரை ஆராய்கிறது. அழற்சியை ஏவும் புரதங்களும் அடக்கும் புரதங்களும் இனங்காணப்பட்ட பின்னரும், ‘குணமடைந்தவர்’ என்ற சொல் கிருமியின் கணக்கை மட்டுமே குறித்து வருவதையும் அது சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: தொழுநோய், சுவான் உயிரணு, அழற்சி, கட்டி நசிவுக் காரணி, பால் பிராண்ட், கொல்லிமலை, சேர்வராயன் மலை

முன்னுரை

ஏற்காடு வட்டத்து வெள்ளக்கடையில் என் இளமைக்காலத்தில், மிளகு பறிக்கும் பருவத்தில் ஏணி பிடிக்க முதியவர் ஒருவர் வருவார். அவருடைய வலக்கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் எப்போதும் மடங்கியே இருக்கும். கேட்டால், “நோவு எப்பவோ போயிடுச்சு, கைதான் திரும்பி வரல” என்பார். தொழுநோயின் மருத்துவ வரலாற்றை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்ட பிறகே, அந்த ஒற்றை வரியில் மருத்துவ அறிவியல் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தேடிய வினா அடங்கியிருப்பதை உணர்ந்தேன். நோய் போன பின் கை ஏன் திரும்பவில்லை?

1873இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஆன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அதன்பின், கிருமி உடலைத் தின்கிறது, கிருமியைக் கொன்றால் நோய் தீரும் என்ற எண்ணம் வேரூன்றியது. விரல்கள் ‘அழுகி விழுகின்றன’ என்ற மக்கள் வழக்கும் இதற்குத் துணை நின்றது. இவ்வெண்ணம் முதலில் ஆட்டங்கண்டது ஆய்வகத்தில் அன்று. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் ஒரு நோயாளியின் கைப்பிடியில்.

திருமணியில் கண்ட கை

பால் பிராண்ட் 1914இல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். மலையாளி மக்களின் வாய்மொழி மரபு, காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தாருள் மூத்தவர் சேர்வராயன் மலையிலும் இளையவர் கொல்லிமலையிலும் குடியேறியதாகக் கூறும். அவ்வகையில் பிராண்ட் வளர்ந்த ஊர் எங்கள் மலைக்கு உறவூர். தந்தை ஜெஸ்ஸி 1929இல் அம்மலையிலேயே காய்ச்சலால் இறந்தார். தாய் ஈவ்லின் முதுமையிலும் மலை மக்களிடையே பணியாற்றி 1974இல் மறைந்தார். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்ற பிராண்ட், 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

1947இல் இராபர்ட் காக்ரேனின் அழைப்பில் அவர் திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்துக்குச் சென்றார். அக்காலத்தில் அங்கு காக்ரேன் டாப்சோன் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் மடங்கிய ஒருவரிடம் பிராண்ட் தம் கையை நீட்டி, இறுகப் பற்றுமாறு கேட்டார். வலுவற்ற பிடியை எதிர்பார்த்தவருக்குக் கை நொந்தது. முன்கைத் தசைகள் பழுதின்றி இருந்தன. குறிப்பிட்ட சில நரம்புகள் இயக்கும் தசைகள் மட்டுமே செயலிழந்திருந்தன. அழிவு எங்கும் பரவியதன்று, தேர்ந்தெடுத்த இடங்களில் நிகழ்ந்தது என்பது இதனால் புலனாயிற்று.

1948 முதல் தசைநாண் மாற்று அறுவை மூலம் மடங்கிய விரல்களை அவர் நிமிர்த்தத் தொடங்கினார். விரல்கள் குறுகுவது கிருமியால் அன்று, வலி உணராமையால் ஏற்படும் காயங்களால் என்பதையும் நிறுவினார். வேலூரில் தங்கியிருந்த நோயாளிகளின் விரல்களை இரவில் எலிகள் கடித்தபோதும் அவர்கள் விழிக்கவில்லை. ஆளுக்கொரு பூனை வளர்க்க ஏற்பாடு செய்யப்பட்டது. அறுவைத் திறனுக்கு இணையாக இப்பூனைகளும் மருத்துவ வரலாற்றில் இடம்பெறத் தக்கவை என்பேன்.

இறந்தோர் உடல்களை ஆய்ந்தபோது, முழங்கைக்கு மேலும் மணிக்கட்டருகிலும் கணுக்காலிலும், அதாவது தோலை ஒட்டிக் குளிர்ந்திருக்கும் இடங்களில், நரம்புகள் வீங்கியிருந்தன. நரம்பின் உறை எளிதில் விரிந்து கொடுப்பதில்லை. உள்ளே வீக்கம் ஏற்பட்டால் அழுத்தம் ஏறும், குருதியோட்டம் குறையும், இழைகள் மடியும். வீக்கத்தைத் தோற்றுவிப்பது எது என்பதே அடுத்த வினா.

சுவான் உயிரணுவும் கிருமியும்

புற நரம்பு இழைகளைப் போர்த்தியிருப்பவை சுவான் உயிரணுக்கள். கரிகிரியிலும் வேலூரிலும் பணியாற்றிய நோய்க்குறியியல் அறிஞர் சி. கே. ஜாப், மின்னணு நுண்ணோக்கி வழியாக இவ்வுயிரணுக்களுக்குள் கிருமிகள் குடியிருப்பதை விளக்கினார். கிருமி அங்கு நுழையும் வழி 1990களின் பிற்பகுதியில் தெளிவாயிற்று. அனுரா ரம்புக்கனவும் உடன் ஆய்வாளர்களும் 1997, 1998ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளின்படி, சுவான் உயிரணுவைச் சுற்றியுள்ள லேமினின்-2 என்னும் புரதத்தைக் கிருமி பற்றுகிறது. அப்புரதம் உயிரணுப் பரப்பிலுள்ள டிஸ்ட்ரோகிளைக்கனோடு அதனைப் பிணைக்கிறது. நரம்பைத் தாங்கும் புரதமே கிருமிக்குப் படியாகிறது.

2001இல் இக்கிருமியின் மரபணுத்தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்டது. அதற்குப் பயன்பட்ட கிருமி தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்டது, ‘டி.என்.’ என்ற பெயரிலேயே உலக இலக்கியங்களில் வழங்குகிறது. ஏறத்தாழ 1,600 மரபணுக்களே அதில் புரதத்தை ஆக்கவல்லவை. 1,100க்கும் மேற்பட்டவை செயலிழந்த எச்சங்கள். அந்த நோயாளி யாரென வரலாற்றில் பதிவில்லை. மாநிலத்தின் முதலெழுத்துகள் மட்டும் எஞ்சின.

அழற்சியை ஏவுவதும் அடக்குவதும்

சுவான் உயிரணு கிருமிக்கு வெறும் உறைவிடமாக மட்டும் இருப்பதில்லை. அதன் பரப்பில் டோல் போன்ற ஏற்பி-2 என்னும் புரதம் இருப்பதையும், கிருமியின் கொழுப்புப் புரதக் கூறுகள் அதனைத் தூண்டினால் சுவான் உயிரணு தானே மடியக்கூடும் என்பதையும் 2003இல் வெளியான ஆய்வு காட்டியது.

பொதுவாக இவ்வகை ஏற்பிகளிலிருந்து செல்லும் சமிக்ஞை உயிரணுவின் உள்ளே என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தை அடைகிறது. 1986இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டறிந்த புரதம் இது. அமைதி நிலையில் ஐ-கப்பா-பி என்னும் மற்றொரு புரதம் இதனை உட்கருவுக்கு வெளியே பிடித்து நிறுத்துகிறது. ஏரி மதகின் பலகையைப் போன்றது ஐ-கப்பா-பி. சமிக்ஞை வந்ததும் பலகை சிதைக்கப்படுகிறது. விடுபட்ட என்எஃப்-கப்பா-பி உட்கருவினுள் சென்று அழற்சி மரபணுக்களை இயக்குகிறது. அவற்றுள் முதன்மையானது கட்டி நசிவுக் காரணி என்னும் புரதத்தின் மரபணு. 1975இல் புற்றுநோய் ஆய்வில் பெயரிடப்பட்ட இப்புரதம், தொழுநோய் எதிர்வினையின்போது நோயாளிகளின் தோலிலும் நரம்பிலும் உருவாவதை 1995ஆம் ஆண்டு ஆய்வொன்று எடுத்துக்காட்டியது.

இதில் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. என்எஃப்-கப்பா-பி இயக்கும் மரபணுக்களுள் ஐ-கப்பா-பியின் மரபணுவும் ஒன்று. திறந்துவிட்ட நீரே புதிய பலகையைக் கொண்டுவந்து மதகை அடைக்கிறது. எனவே அழற்சி இயல்பாகத் தணிய வேண்டும். தொழுநோயில் தணியாததற்குக் காரணம், மடிந்த கிருமியின் சிதைவுகள் நரம்பினுள் நெடுநாள் தங்கித் தூண்டிக்கொண்டே இருப்பதுதான் என விளங்கிக்கொள்ளலாம். மருந்து கிருமியைக் கொன்ற பின்னர் எதிர்வினை கிளம்புவதற்கும் இவ்விளக்கம் பொருந்துகிறது.

அழற்சி முழுக்கவும் பகையன்று. கட்டி நசிவுக் காரணியை அடக்கும் மருந்துகளை மூட்டு நோய்க்காகப் பெற்ற சிலரிடம் மறைந்திருந்த தொழுநோய் வெளிப்பட்டதாகப் பதிவுகள் உள்ளன. தவிர, பழியைச் சுவான் உயிரணுவின் மேல் மட்டும் சுமத்துவதும் சரியன்று. லலிதா இராமகிருஷ்ணன் பங்கேற்ற குழு 2017இல் வரிக்குதிரை மீன்களில் நடத்திய ஆய்வு, கிருமியின் கொழுப்புப் பொருளால் தூண்டப்பட்ட விழுங்கு உயிரணுக்கள் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடும் நரம்பைச் சிதைப்பதை வெளிப்படுத்தியது.

மருந்து முந்தியது, விளக்கம் பிந்தியது

எதிர்வினைக்கான மருந்துகள் இப்புரதங்கள் அறியப்படுமுன்பே வழக்குக்கு வந்துவிட்டன. கருவிலிருந்த குழந்தைகளை ஊனப்படுத்தியதால் உலகம் ஒதுக்கிய தாலிடோமைடை, எருசலேமில் ஷெஸ்கின் என்ற மருத்துவர் உறக்கத்துக்காகக் கொடுத்தார். முடிச்சுகளோடு வரும் எதிர்வினை தணியக் கண்டு 1965இல் அதனை வெளியிட்டார். கட்டி நசிவுக் காரணியின் உற்பத்தியை அம்மருந்து குறைப்பது 1991இல்தான் தெரிந்தது. நரம்பைப் பெரிதும் தாக்கும் மற்றொரு வகை எதிர்வினைக்கு அது பயனற்றது. அங்கு பிரட்னிசோலோன் கைகொடுக்கிறது. அவ்வகை மருந்துகள் ஐ-கப்பா-பியைக் கூடுதலாக உண்டாக்க வல்லவை என 1995இல் அறியப்பட்டது. மதகுக்கு மேலும் பலகைகள் இடுவதாகும் இது.

பதிவேட்டில் குணமடைதல்

1981இல் உலக நலவாழ்வு அமைப்பு கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று நோயின் வகைக்கேற்ப அது 6 அல்லது 12 மாதங்களில் முடிகிறது. முடித்தவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறார். 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை இந்தியா 2005 டிசம்பரில் எட்டியதும் இப்பதிவேட்டுக் கணக்கின்படியே. கிருமியைப் பொறுத்தவரை கணக்கு நேர்மையானது. அதன் பயனையும் குறைத்து மதிப்பிட இயலாது. ஆனால் எதிர்வினை சிகிச்சைக் காலத்திலும் வரும், முடிந்த பிறகும் வரும். அப்போது அவர் எந்தக் கணக்கிலும் நோயாளியல்லர். 1947இல் திருமணியில் நரம்பைக் கொண்டு நோயை வாசித்த மரபு, பதிவேட்டின் மொழியில் இடம்பெறவில்லை என்பது என் கருத்து.

நரம்பைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. முழங்கையின் பின்புறம் நரம்பைத் தடவித் தடிப்பும் வலியும் பார்ப்பது, மெல்லிய நைலான் இழையாலோ பேனா முனையாலோ உள்ளங்கையைத் தொட்டு உணர்வு கேட்பது, விரல்களை விரிக்கச் சொல்வது ஆகியவை போதும். இவற்றை மலைச் சிற்றூர் ஒன்றின் திண்ணையிலேயே செய்து முடிக்கலாம். உணர்விழப்புத் தொடங்கி ஆறு மாதங்களுக்குள் பிரட்னிசோலோன் தொடங்கினால் நரம்பு மீள வாய்ப்புண்டு. அதன்பின் வாய்ப்புக் குறைவு. வெள்ளக்கடை முதியவரின் விரல்கள் எந்த மாதத்தில் மடங்கத் தொடங்கின என்று எவரும் குறித்து வைக்கவில்லை.