புன்செய் தந்த நல்லெண்ணெய்

வறண்ட நிலம், ஆனால் எண்ணெய் வளம் மிக்கது. இப்படிச் சொன்னதும் நம் நினைவில் எழுவது அரேபியப் பாலைதான். 1938இல் தம்மாமில் தோண்டிய ஏழாம் கிணற்றில் எண்ணெய் பெருமளவில் கிடைத்த பிறகே, அம்மணல்வெளியைப் பார்த்த உலகின் பார்வை மாறியது. ஆனால் எண்ணெய் என்ற சொல்லைத் தமிழ் இலக்கணப்படி பிரித்தால் வருவது எள் + நெய். அந்தப் பழைய பொருளில் பார்த்தால், வறட்சியும் எண்ணெயும் கைகோத்து வாழ்ந்த நிலம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. அதுதான் அதியமானின் தகடூர், இன்றைய தருமபுரி.

தெற்கிலிருந்து வருவோர் தொப்பூர்க் கணவாயின் ஏற்றத்தைக் கடந்ததும் நிலத்தின் முகம் மாறுவதை உணரலாம். செம்மண், இடையிடையே பாறைக் குன்றுகள், கிழக்கே சித்தேரி மலை, மேற்கே காடுகள். காவிரி தமிழகத்தைத் தொடும் ஒகேனக்கல் இம்மாவட்டத்தில்தான் உள்ளது. ஆயினும் ஆறு பாறையைக் குடைந்து பள்ளத்தில் ஓடுகிறது, வயல்களோ மேட்டில் கிடக்கின்றன. அந்த நீர் 1934 முதல் மேட்டூரில் தேங்கிப் பிற மாவட்டங்களின் நெல்வயல்களுக்குப் போகிறது. காவிரியின் தமிழக வாயிலில் வாழ்ந்தும் தருமபுரி உழவர் வானத்தையும் ஏரியையும் கிணற்றையுமே நம்பி வாழ நேர்ந்தது. நிலத்தடி நீரிலோ பல ஊர்களில் புளூரைடு மிகுதி. பல்லையும் எலும்பையும் பாழாக்கிய அந்நீருக்கு மாற்றாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இத்தகைய நிலத்தை நம் வருவாய்க் கணக்குகள் 'புன்செய்' என்று எழுதின. நன்செய் என்றால் நல்ல வயல், புன்செய் என்றால் புல்லிய வயல், தாழ்ந்த வயல். பெயரிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டதைக் கவனிக்க வேண்டும். நெல் விளையும் நிலத்தின் கண்ணால் பார்த்து எழுதிய தீர்ப்பு அது.

ஆனால் எள்ளின் கண்ணால் பார்த்தால் கதையே வேறு. வேர்ப்பகுதியில் சில நாட்கள் நீர் தேங்கினாலே எள் வாடி அழுகிவிடும். நெல்லுக்கு உயிரான தேங்கிய நீர் எள்ளுக்குப் பகை. நீர் வடியும் மண், அளவான மழை, காய் முற்றும்போது நல்ல வெயில் ஆகியவையே அது கேட்கும் வரம். அறுத்த செடிகளைக் கட்டுக்கட்டாக நிறுத்தி உலர்த்தி, காய் வெடித்ததும் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டி விதையை உதிர்ப்பர். அந்த நாட்களில் மழை வந்தால் விளைச்சல் போயிற்று. ஆக, வறட்சி எள்ளுக்குக் குறை அன்று. ஏறக்குறைய ஒரு தேவை. புன்செய் என்று இகழ்ந்த நிலம் தந்த எண்ணெய்க்கு மக்கள் இட்ட பெயர் 'நல்லெண்ணெய்'. அரசின் கணக்குக்குக் குடிமக்களின் மொழி சொன்ன மறுப்பாகவே நாம் இதைக் காண்கிறோம்.

பழந்தமிழில் 'நெய்' என்ற சொல் ஆவின் நெய்யையும் விதையின் நெய்யையும் குறித்தது. இவ்விரண்டுமே தகடூர் நாட்டின் செல்வங்கள். தருமபுரியிலும் அதையடுத்த செங்கம் பகுதியிலும் காணப்படும் நடுகற்களை எண்ணிப் பாருங்கள். பல்லவர் காலம் தொட்டு, வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அக்கற்களில் திரும்பத் திரும்ப வரும் சொல் 'தொறு', அதாவது ஆநிரை. தொறுவைக் கவர்ந்தபோது பட்டான், தொறுவை மீட்டுப் பட்டான் என்பனவே பெரும்பாலான கற்களின் செய்தி. வயலுக்காக அன்றி ஆவுக்காக உயிர் கொடுத்த நாடு இது. எள்ளை ஆட்டியபின் எஞ்சும் பிண்ணாக்கு அதே மாட்டுக்குத் தீவனமாகிறது, மாட்டின் சாணம் எள் வயலுக்கு எருவாகிறது, செக்கைச் சுற்றி வருவதும் அதே மாடுதான். இரண்டு நெய்களும் இப்படி ஒரே சக்கரத்தில் சுழன்றன.

செக்கு என்பது வெறும் கருவி அன்று. சோழர் காலக் கல்வெட்டுகள் எண்ணெய் வணிகரைச் 'சங்கரபாடியார்' என்கின்றன. செக்குக்கு விதித்த வரி 'செக்கிறை' எனப்பட்டது. கல்லில் குடைந்த செக்குகளின் விளிம்பில், அதனைச் செய்தளித்தவர் பெயரைப் பொறிக்கும் வழக்கமும் தமிழகத்தின் பல ஊர்களில் இருந்துள்ளது. ஏரி வெட்டுவதும் செக்கு நாட்டுவதும் ஊருக்குச் செய்யும் நிலையான அறங்களாகக் கருதப்பட்டன.

இங்குள்ள எண்ணெய் வித்துகள் அனைத்தும் இம்மண்ணிலேயே பிறந்தவை அல்ல. அதியமானின் முன்னோர் கரும்பை வெளியிலிருந்து கொணர்ந்த செய்தியை ஔவையாரின் புறப்பாடல்கள் கூறுகின்றன. அந்த மரபு பின்னரும் தொடர்ந்தது எனலாம். எத்தியோப்பிய மேட்டு நிலங்களில் தோன்றிய ஒரு வித்து இங்கு வந்து பேயெள் ஆயிற்று. கன்னடத்தில் இதன் பெயர் 'ஹுச்செள்ளு'. ஹுச்சு என்றால் பித்து. எல்லைப்புறத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வாழ்வதால், இவ்விரு பெயர்களும் ஒரே நினைப்பைச் சொல்வதில் வியப்பில்லை. 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிவதற்கு முன் தருமபுரியோடு இருந்த பையூரின் ஆராய்ச்சி நிலையம் எள், பேயெள், கொள் ஆகியவற்றில் அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய ரகங்களை வெளியிட்டது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த நிலக்கடலையோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சுக்கு ஏற்றுமதியாகித் தமிழகப் புன்செய்களில் பரவியது.

1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கேப்டன் ரீடும் அவருடைய உதவியாளரான தாமஸ் மன்றோவும் ஒவ்வொரு வயலையும் அளந்து, உழவரிடமே நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறையை இங்கு சோதித்தனர். மன்றோ தருமபுரியில் தங்கிப் பணியாற்றியவர். வரியைக் காசாகச் செலுத்த வேண்டிய உழவருக்கு, சந்தையில் உடனே விலைபோகும் எண்ணெய் வித்து எத்துணை உதவியிருக்கும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம்.

இன்று நிலை என்ன? இந்தியா தனது சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. அதில் பெரும்பங்கு மலேசியா, இந்தோனேசியா ஆகிய மழைவளம் மிக்க நாடுகளின் பாமாயில். 2007 முதல் தமிழகத்தின் நியாயவிலைக் கடைகளிலும் அது கிடைக்கிறது. ஏழை வீட்டு அடுப்புக்கு அது உதவியது என்பதை மறுக்க இயலாது. ஆனால் அதன் மறுபக்கமாக, ஈர நிலத்தின் எண்ணெய் வறண்ட நிலத்தின் எண்ணெயை விலையில் வென்றுவிட்டது. எள் விதைத்த கைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் போகின்றன. அதே நகரங்களில் 'மரச்செக்கு எண்ணெய்' உயர்ந்த விலைக்கு விற்கப்படுவது காலத்தின் விந்தை. "வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்ற பழமொழி மீண்டும் நினைவுக்கு வந்திருக்கிறது போலும்.

தருமபுரியைப் 'பின்தங்கிய மாவட்டம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். இதுவும் நெல்லின் அளவுகோலால் அளந்த சொல்தானோ என்று நாம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. நீரில்லா நிலத்துக்கு நீர் வேண்டும் என்பதில் ஐயமில்லை, குடிநீராவது வேண்டும். ஆனால் நீரில்லாமையோடு வாழக் கற்ற அறிவும் ஒரு வளமே. அதை இழந்தபின் மீட்பது எந்தத் திட்டத்தாலும் எளிதன்று.

அடுத்த முறை அப்பகுதிக்குச் செல்லும்போது, ஊர்ச் சாவடியின் ஓரத்திலோ கோயில் மதிலருகிலோ மண்ணில் பாதி புதைந்த கல்செக்கு ஏதும் தென்பட்டால் சற்று நில்லுங்கள். அதன் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். எழுத்து இருந்தால் புகைப்படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். எழுத்து இல்லையென்றாலும், அந்தக் குழியின் வழவழப்பைக் கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். புல்லிய நிலம் என்று பெயர் பெற்ற மண்ணின் செல்வம் பல தலைமுறைகளாக அந்தக் குழியில்தான் வழிந்தது.