‘ஷுய்’ என்னும் நீர்ச்சொல்

சீன மொழியில் நீருக்கு ‘ஷுய்’ என்று பெயர். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஷாங் வமிசத்தார் குறி கேட்பதற்காக ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் பொறித்த எழுத்துக்களிலேயே, நடுவில் வளைந்தோடும் ஒரு கோடும் இருமருங்கும் தெறிக்கும் துளிகளுமாக, ஆற்றோட்டத்தின் வடிவில் இச்சொல் காணப்படுகிறது.

நீர், மரம், நெருப்பு, மண், உலோகம் ஆகிய ஐந்தின் தொகுதியை அந்நாட்டுச் சோதிடரும் வைத்தியரும் ‘வூ ஷிங்’ என்பர். ‘வூ’ ஐந்து, ‘ஷிங்’ நடத்தல். நம் பஞ்சபூதங்கள் உலகம் எவற்றால் ஆயது என்ற வினாவுக்கு விடையாக நிற்க, இவ்வைந்தோ ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தும் ஒன்றையொன்று அடக்கியும் மாறிவரும் கதிகளாகக் கொள்ளப்பட்டன. உலோகத்தில் பிறந்து, மரத்தை வளர்த்து, நெருப்பை வென்று, மண்ணுக்கு அடங்குவது நீர். பண்டைச் சீனரின் ஆவண நூலில் ‘மாபெருந் திட்டம்’ என்னும் அத்தியாயம், ஐந்தனுள் நீரையே முதலில் வைத்து, நனைத்துக் கீழ்நோக்கிச் செல்லுதலை அதன் ஸ்வபாவமாகவும் உவர்ப்பை அதன் சுவையாகவும் வகுக்கிறது. குளிர்காலம், வடதிசை, கருநிறம், சிறுநீரகம், புதன் கிரகம் ஆகியவை பிற்காலத்தில் இதன் இனமாகச் சேர்க்கப்பட்டன.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஸௌ யான் என்ற அறிஞர் இக்கதிகளை அரச வமிசங்களின் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் பொருத்தினார். கி.மு. 221-இல் சீனத்தை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த சின் சக்கரவர்த்தி, நெருப்பின் வலிமையால் ஆண்ட சௌ வமிசத்தை வென்றது நீரின் வலிமையே என்று சாற்றி, உடைகளையும் கொடிகளையும் கருமையாக்கி, நீருக்குரிய ஆறு என்ற எண்ணைத் தேரின் அகலத்துக்கும் அதில் பூட்டும் குதிரைகளுக்கும் அளவாக்கி, மஞ்சளாற்றுக்கு ‘அறநீர்’ என்று மறுபெயரிட்டதை ஸிமா சியென் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். பதினாறாம் நூற்றாண்டில் நிங்போ நகரில் ஃபான் சின் கட்டிய ‘தியென்யி’ நூலகமோ, விண்ணின் ஒன்று நீரைப் பிறப்பிக்க, மண்ணின் ஆறு அதனை நிறைவிக்கும் என்ற கொள்கைப்படி மேல்தளத்தை ஒரே கூடமாகவும் கீழ்த்தளத்தை ஆறு அறைகளாகவும் கொண்டது; நூல்களைத் தீயினின்று காப்பதே அதன் நோக்கம்.

இன்றும் இரண்டிலும் மூன்றிலும் முடியும் ஆங்கில வருஷங்களையொட்டி வரும் சீன ஆண்டுகள் நீராண்டுகளே. 2022 நீர்ப்புலி, 2023 நீர்முயல். சாதகத்தில் நீர் குறைந்த குழந்தைக்கு நீர்க்குறி அமைந்த எழுத்தால் பெயரிடுவோரும் உண்டு. ஆதலின் இந்த நீரை நம் அப்புவோடு ஒன்றாக்காமல், தாழ்ந்து பரந்து செல்லும் ஒரு கதியென்று கொண்டு படிப்பதே சீனச் சாஸ்திரங்களைக் கற்கப் புகும் தமிழர்க்குத் தகும்.