எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின்னும் எடை குறையவில்லையா?

இரைப்பையைக் குறுக்கும் அறுவை சிகிச்சைக்குப் பின் எதிர்பார்த்த அளவு எடை குறையாதபோது, பலர் தம்மையே பழித்துக்கொண்டு மருத்துவரைச் சந்திப்பதையும் நிறுத்திவிடுகின்றனர். எடையைவிட இதுவே கவலைக்குரியது.

முதலில் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். 120 கிலோ எடையுள்ளவரின் உகந்த எடை 70 கிலோ எனில், மிகை எடை 50 கிலோ. அதில் பாதியான 25 கிலோ குறைந்தாலே சிகிச்சை பலனளித்ததாக மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கருதி வருகின்றனர். ஆக, 95 கிலோவில் நிற்பவர் தோற்றவர் அல்லர். எடை குறைவது வழக்கமாக முதல் 1 அல்லது 2 ஆண்டுகளில் உச்சத்தைத் தொடும். பின்னர் சிறிது ஏறுவதும் இயல்பே. சுவீடனில் 1987-இல் தொடங்கிய நீண்டகால ஆய்விலும் இவ்வாறே காணப்பட்டது.

அந்தப் பாதியும் குறையாவிட்டால் காரணம் தேட வேண்டும். சுருங்கிய இரைப்பை இட்லியையும் சோற்றையும் அளவோடு நிறுத்தும். பழச்சாறு, சர்க்கரை சேர்த்த காபி, ஐஸ்கிரீம் ஆகியவை தடையின்றி இறங்கிவிடும். இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் ஆகியவையும் எடையைக் கூட்டக்கூடும். ஆயினும் அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. பெங்களூரு ரிச்சர்ட்ஸ் பூங்காவில் நாள்தோறும் நடப்பது நல்லதே. தசை தேயாமல் காக்கும் பயிற்சியும் உடன் வேண்டும்.

இரைப்பை விரிந்துள்ளதா என்பதை எண்டோஸ்கோபி, எக்ஸ்ரே சோதனைகள் காட்டும். தேவையெனில் செமாகுளுடைடு போன்ற மருந்து, சிலருக்கு மறு அறுவை சிகிச்சை. எடை குறையாதவருக்கும் வைட்டமின் பி12, இரும்புச்சத்துக் குறைபாடு வரும் என்பதால், அம்மாத்திரைகளைக் கைவிடலாகாது.