பிளாப்பியில் வந்த இதழ்

1989 ஜனவரியில் பாரிசின் பொம்பிடு மையத்தில் ஓர் இலக்கிய இதழ் அறிமுகமானது. பெயர் ‘அலீர்’. வாங்கியவர்களுக்குக் கிடைத்தவை கணினி வட்டுகள். நாம் பிளாப்பி என்று அழைத்த அதே வட்டுகள்தான். கணினியில் செருகினால் திரையில் கவிதை ஓடும். சொற்கள் தோன்றும், நகரும், ஒன்று இன்னொன்றாக உருமாறும், மறையும். பக்கம் புரட்ட முடியாது. அச்செடுத்து வைத்துக்கொள்ளவும் முடியாது. அதற்கு முன் இத்தகைய கணினிக் கவிதைகளைப் பெரும்பாலும் கண்காட்சிகளிலும் விழாக்களிலும் கூட்டத்தோடு நின்றுதான் பார்க்க வேண்டும். அலீர் அவற்றை வாசகரின் வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது.

இதழை நடத்தியவர்கள் ஐவர்: பிலிப் பூட்ஸ், திபோர் பாப், கிளோத் மையார், ஃபிரெடெரிக் தெவலே, ழான்-மரி துய்தே. இவர்களில் திபோர் பாப் புலம்பெயர் வாசகர்களான நாம் அறிந்துகொள்ள வேண்டியவர். ஹங்கேரியில் பிறந்தவர். 1956 எழுச்சி நசுக்கப்பட்டபின் நாட்டைவிட்டு வெளியேறியவர். 1962இல் பாரிசில் நண்பர்களுடன் சேர்ந்து ‘மாட்யர் மூஹேய்’ என்ற ஹங்கேரிய மொழிச் சிற்றிதழைத் தொடங்கினார். தாய்நாட்டுக்கு வெளியே, தாய்மொழியில், பல பத்தாண்டுகள் அங்கே நடந்த இதழ் அது. அதே மனிதர் 1985இல் பொம்பிடு மையத்தில் கணினித் திரைக் கவிதையை அரங்கேற்றினார். நான்கு ஆண்டுகளில் அலீரில் சேர்ந்தார். 1994இல் ஹங்கேரிய மொழியில் தானாக ஈரடிக் கவிதை புனையும் நிரல் ஒன்றையும் வெளியிட்டார். சொந்த ஊரில் இல்லாத எழுத்தாளருக்கு அச்சகமும் விநியோகமும் எட்டாத தொலைவில் இருக்கும்போது, புதிய கருவிகளின் மேல் கூச்சம் இருப்பதில்லை என்று தோன்றுகிறது.

என் தொழில் கணினி ஆலோசனை. பழைய அமைப்புகளில் கிடக்கும் தரவைப் புதியவற்றுக்கு மாற்றுவது அதில் பெரும்பகுதி. பிளாப்பி இதழ் என்றதும் காந்தப் பூச்சு உதிர்வதும் வட்டு படிக்காமல் போவதும்தான் முதலில் நினைவுக்கு வரும். அலீருக்கு நேர்ந்தது வேறு.

அக்காலத்தில் ஒரு சொல்லைத் திரையில் சற்று நேரம் நிறுத்திவைக்க நிரலாளர்களிடம் எளிய உத்தி ஒன்று இருந்தது. கணினியைச் சும்மா எண்ணச் சொல்வார்கள். பத்தாயிரம்வரை எண்ணு, பிறகு அடுத்த சொல்லைக் காட்டு. பழைய கணினிக்கு அதற்கு இரண்டு நொடி பிடித்தது என்றால், சில ஆண்டுகள் கழித்து வந்த கணினி கண்ணிமைப்பதற்குள் எண்ணி முடித்துவிடும். தொண்ணூறுகளில் வேகமான கணினிகள் வந்தபோது அலீரின் கவிதைகள் அவற்றில் தறிகெட்டு ஓடின. நிதானமாக மலர வேண்டிய வரி ஒரு மின்னலாகக் கடந்தது. வட்டில் ஒரு பிட்கூட மாறவில்லை. நிரல் எழுதியபடியே இருந்தது. கவிதை மட்டும் போய்விட்டது.

இதற்கு நேரெதிரான கதை வில்லியம் கிப்சனின் ‘அக்ரிப்பா’. 1992இல் வட்டில் வெளியான அந்தக் கவிதை, ஒருமுறை ஓடியதும் தன்னைத்தானே படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். அழிவதற்கென்றே செய்தது. ஆனால் அதன் வரிகள் வெளியே கசிந்து, இணையத்தில் பரவி, இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. அது வரிசையாக எழுதிய சொற்களாக இருந்ததால் பிரதியெடுக்க முடிந்தது. தப்பியவை சொற்கள் மட்டுமே. ஒரே ஒருமுறை வாசிக்கும் அனுபவம் தப்பவில்லை. அலீரின் கவிதைகளிலோ சொற்களின் கால அளவே கவிதையின் பாதி. அதைப் பிரதியெடுக்க வழி இருக்கவில்லை.

பூட்ஸ் இதை வெறும் தொழில்நுட்பக் கோளாறாக எண்ணி ஒதுக்கவில்லை. கவிதை ஓடும்போதே கணினியின் வேகத்தை அளந்து, அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் நிரல்களை எழுதினார். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாத இடத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்பதையும் கவிஞரே முன்கூட்டி நிரலில் சொல்லிவைக்க வேண்டும். அசைவு முக்கியமா, தாளமா, சொல்லா? தன் படைப்பில் உயிர் எங்கே இருக்கிறது என்று எழுதியவரே முடிவுசெய்யும்படி கணினி வற்புறுத்தியது. அலீர் பிறகு குறுந்தகட்டுக்கு மாறி, 1997இல் ‘டாக்ஸ்’ என்ற இதழோடு இணைந்து பத்தாம் இதழைக் கொண்டுவந்தது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. கனடாவில் உருவான ஆதமி, சுவிட்சர்லாந்திலிருந்து வந்த மயிலை போன்றவை தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்த காலத்தில், ஒருங்குறி இன்னும் தமிழுக்கு வழக்காகவில்லை. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. அன்று தட்டச்சு செய்த கதையும் தலையங்கமும் இன்று பழுதில்லாத கோப்பாகத் திறக்கும். திரையில் தெரிவதோ பொருளற்ற குறிகள். எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால் மாற்றி மீட்டுவிடலாம். தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக முயன்று பார்க்க வேண்டும். அந்தத் தகவல் பெரும்பாலும் தட்டச்சு செய்தவரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அந்தத் தலைமுறைக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் பழைய இதழ்ப் பணியின் வட்டுகளோ கோப்புகளோ வைத்திருப்பவர்கள், அவற்றைப் பிரதியெடுப்பதோடு நின்றுவிட வேண்டாம். எந்த ஆண்டு, எந்தக் கணினி, எந்த மென்பொருள், எந்த எழுத்துரு என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். எழுத்துருக் கோப்பையும் சேர்த்து வையுங்கள். அச்சிலும் மின்வடிவிலும் வரும் இந்த இதழுக்கும் அந்தத் தாள் தேவைப்படும் நாள் வரும்.